சடையன் கொண்டுவந்த கடிகாரம்

இன்பவல்லிக்கு நடந்தது அநியாயம். அவளுடைய தாத்தா சடையன் செத்துப்போய் ஐம்பத்தெட்டு வருஷம் ஆன பிறகு, ஒரு மதிப்புச் சீட்டில், ஒரே வரியில், அவரைத் துரோகி ஆக்கினார்கள்.

எழுதியவர் ஆரோக்கியம் வாத்தியார். அவர் கெட்டவரா என்றால், இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான். கெட்டவன் செய்தால் ஒளிந்து செய்வான். நல்லவர்கள் செய்யும்போது தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நகலும் எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

மலேசியாவின் தைப்பிங் நகரில், மசாலைத்தூள் கடைக்கு மேல்மாடியில், ரூபவதி பழைய கைக்கடிகாரங்களை மதிப்பிடும் தொழில் செய்துவந்தாள். வயது நாற்பத்தொன்று. யுத்தகாலத்து ஜப்பானியப் படைக் கடிகாரம் என்றால் சிங்கப்பூரிலிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். தாத்தா விட்டுப்போனது, மாமனார் பெட்டியில் கிடந்தது, பழைய வீட்டை இடித்தபோது அகப்பட்டது என்று கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார்கள். உண்மையா போலியா, எந்தப் படையுடையது, எவ்வளவு பெறும் என்று பார்த்து அவள் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாள்.

அவளிடம் சீடராகச் சேர்ந்திருந்தார் ஆரோக்கியம். வயது அறுபத்திரண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியின் சமையலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தவரை, அந்த அம்மாளே இங்கே துரத்திவிட்டதாகக் கேள்வி. ரூபவதி அவரை "சார்" என்பாள். அவர் அவளை "டீச்சர்" என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று கீழே மசாலைக் கடைக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ரூபவதி ஓர் ஏலத்துக்காகப் பினாங்கு போயிருந்த மூன்று நாளில்தான் இது நடந்தது.

புக்கிட் செந்தாங் ரப்பர் தோட்டத்தில் ஒரு நினைவுக்கல் நடப்போகிறார்கள். யுத்தத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்களே, அவர்களின் பெயர்களை அதில் வெட்டுவார்கள். இந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. சயாமிலிருந்து வந்த பொருள் ஏதாவது ஒன்றை வீட்டார் காட்டவேண்டும். கடிதமோ, சட்டியோ, கிழிந்த போர்வையோ, எதுவானாலும் சரி.

குழுத் தலைவர் தனசீலன் தம் தாத்தாவின் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். தாத்தா அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி. ஆள் கணக்கு எழுதுகிற வேலை. அவரும் சயாம் போய் வந்தவர். கடிகாரம் வெல்வெட் பெட்டியில் இருந்தது. முதலைத்தோல் வார். வெளிச்சத்தில் காட்டினால் கண் கூசியது.

மறுநாள் இன்பவல்லி வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடித்து, சீருடையோடு வந்திருந்தாள். அவளுடைய தாத்தா அதே தோட்டத்தில் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டிய தொழிலாளி. கடிகாரம் மைலோ டின்னில் இருந்தது. சைக்கிள் டியூபை வெட்டித் தைத்த வார். கடிகாரத்தின் முதுகெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

சீட்டின் கடைசிக் கட்டம் 'வந்த வழி'. பொருள் அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று எழுதவேண்டிய இடம்.

தனசீலனுக்குச் சந்தேகமே இல்லை. "தாத்தாவோட நேர்மையைப் பார்த்து ஒரு ஜப்பான் அதிகாரியே கையிலிருந்து கழட்டிக் கொடுத்தது, சார். எங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

ஆரோக்கியம் எழுதினார்: 'அதிகாரி அளித்த மரியாதைப் பரிசு.'

இன்பவல்லி, "தெரியாதுங்க சார்" என்றாள். "எங்கப்பா கேட்கும்போதெல்லாம் தாத்தா எழுந்து வெளியே போயிடுவாராம்."

"ஒண்ணுமே தெரியாதா? இங்க ஏதாவது எழுதணுமே."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதற்கும் சேர்த்துத்தான் தண்டனை. "தோட்டத்துல வேற மாதிரிப் பேசுவாங்க, சார். ஆளுங்களைக் காட்டிக் கொடுத்து வாங்கின கூலின்னு. எங்கப்பாவைப் பள்ளிக்கூடத்துல ஜப்பான்காரன் மவன்னுதான் கூப்பிட்டாங்களாம்."

நாற்பது வருஷம் "எந்தக் கேள்வியையும் காலியா விடாதே, தெரிஞ்சதை எழுது" என்று பிள்ளைகளை அதட்டிய மனிதர். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். எழுதினார்: 'ஜப்பானியருக்குக் கையாளாக இருந்ததற்குக் கிடைத்த கூலி எனத் தோட்டத்தில் கூறப்படுகிறது.'

குழு அந்த வரியில் 'எனத் தோட்டத்தில் கூறப்படுகிறது' என்பதைப் படிக்கவில்லை. கையாளுக்குக் கல்லில் இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது.

ரூபவதி திரும்பி வந்த அன்றைக்கு, மாடிப்படியில் இன்பவல்லி உட்கார்ந்திருந்தாள். சீட்டை நீட்டினாள்.

"எங்க தாத்தா பேரைக் கல்லுல பார்க்கணும்னு வந்தேங்க. இத்தனை நாள் ஊர்க்காரங்க வாயால திட்டினாங்க. இப்போ எழுத்துல, கையெழுத்தோட வாங்கிட்டேன்."

ரூபவதி சீட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். "கடிகாரத்தை ரெண்டு நாள் என்கிட்ட விட்டுட்டுப் போங்கக்கா" என்றாள்.

ஆரோக்கியத்தை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதில் தயாராக வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது மேசையில் சாம்பல் நிறத் துணி விரித்திருந்தது. அதன்மேல் இரண்டு கடிகாரங்கள் குப்புறக் கிடந்தன. வார்கள் இல்லை. தனசீலனுடையது கண்ணாடி மாற்றுவதற்காக அங்கேயே இருந்தது அவருக்குத் தெரியும். மற்றது எது என்று கேட்கவேண்டியதில்லை.

"சார், ஒண்ணு பரிசு, இன்னொண்ணு கூலி. நீங்க எழுதினதுதான். எது எதுன்னு எடுத்துக் கொடுங்க. வாரைப் பூட்டணும்."

"இது ஒரு பரீட்சையா, டீச்சர்?"

"சின்னதுதான்."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. ஒரே அளவு. இரண்டின் முதுகிலும் ஐந்து முனை நட்சத்திரம் குத்தியிருந்தது. நங்கூரம் இருந்தால் கடற்படை, நட்சத்திரம் என்றால் தரைப்படை. முதல் மாதத்துப் பாடம்.

ஆனால் ஒன்றில் நட்சத்திரத்தின் ஐந்து முனையும் நேற்றுக் குத்தியதுபோலக் கூராக நின்றன. விளிம்புகள் கத்தி மாதிரி இருந்தன. மற்றதில் நட்சத்திரம் கரைந்த சோப்பில் பதித்த முத்திரைபோல மழுங்கிக் கிடந்தது. விளிம்பெல்லாம் உருண்டு போயிருந்தது.

ஆரோக்கியத்துக்கு இதில் என்ன கஷ்டம்? கூராக இருந்ததை எடுத்து நீட்டினார்.

"இதுதான் பரிசு. பாருங்க, எவ்வளவு மரியாதையா வெச்சிருந்திருக்காங்க. அந்த மழுங்கினது கூலிக்காரனுடையது. வெயில்லயும் வேர்வையிலயும் கட்டித் தேய்ச்சிருக்கான்."

"நிச்சயமா?"

"எத்தனை விடைத்தாள் திருத்தியிருப்பேன், டீச்சர்? பார்த்த உடனே தெரிஞ்சிரும்."

ரூபவதி இழுப்பறையைத் திறந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் கொட்டினாள். பச்சைப் பொடியும் கறுப்பு அழுக்கும். பக்கத்தில் ஒரு பல்குச்சி.

"நீங்க கையில வெச்சிருக்கிற கடிகாரத்துலேர்ந்து நேத்து எடுத்தது. எடுக்க மூணு மணி நேரம் ஆச்சு."

ஆரோக்கியம் கையைப் பார்த்தார்.

"மைலோ டின்னுல எண்பது வருஷம் கிடந்ததுக்கு வேர்வை ஏது, சார்? வெட்கப்பட்டு ஒளிச்சு வெச்சிருந்தாங்க. ஒளிச்சு வெச்சதால அப்படியே இருக்கு. அழுக்கு மேலதான். அதோ, அந்த மழுங்கினதைத் தனசீலன் வீட்டுல வருஷாவருஷம் மெருகுச் சக்கரத்துல கொடுத்து எடுத்திருக்காங்க. பளபளன்னு இருக்கணும்னு. நட்சத்திரத்தையே சாப்பிட்டுட்டாங்க."

அவர் தம் பழைய சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். தனசீலனுடையதில் 'நிலை: மிகச் சிறப்பு.' இன்பவல்லியுடையதில் 'நிலை: மோசம். குறி மங்கல்.' அவருடைய கையெழுத்துதான், அழகான கையெழுத்து. இருபது வருஷத்துக்கு முன்னால், விடைத்தாளைத் திறக்காமல் பெயரைப் பார்த்து மதிப்பெண் போட்ட ஓர் உதவி ஆசிரியரை, எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் அவர்.

"விலையை மாத்தி எழுதிடறேன்" என்றார் மெதுவாக. "மெருகு போட்டதுக்குக் குறையும். இதுக்குக் கூடும். ஏறக்குறைய ரெண்டு மடங்கு."

"எழுதுங்க."

எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"வந்த வழிக்கு என்ன எழுதறது, டீச்சர்?"

ரூபவதி இரண்டு கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்தாள். சடையனுடையது கொஞ்சம் தயங்கி, பிறகு ஓடத் தொடங்கியது. அதை அவர் காதருகே பிடித்தாள்.

"என்ன சொல்லுது?"

"டிக் டிக்குன்னு ஓடுது."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

மற்றதை வைத்தாள். "இது?"

"இதுவும் அதேதான்."

"அப்போ ரெண்டுலயும் அதேதான் எழுதணும்."

ஆரோக்கியம் பேனாவை மூடினார். உள்ளே இருந்த தலைமையாசிரியர் விழித்துக்கொண்டுவிட்டார். "நீங்க சொல்றது நியாயமாத் தெரியலை. கட்டம்னு ஒண்ணு இருக்கு. அதைக் காலியா விட்டா எதுக்குக் கட்டம்?"

"காலியா விடச் சொல்லலையே. 'தெரியவில்லை'ன்னு எழுதச் சொன்னேன்."

"காலியா விடறதை மையால விடற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்."

"ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. வீட்டுல ஒரு பேச்சு இருக்கு. அதையெல்லாம் எழுதக்கூடாதா?"

"எழுதலாம். எல்லாத்தையும் எழுதுங்க." அவள் விரலை மடக்கினாள். "ஜப்பான் சரணடைஞ்ச பிறகு, பசியில ரெண்டு வாய் சோத்துக்குக் கடிகாரத்தைக் கொடுத்த சிப்பாய் ஒருத்தன் இருந்திருக்கலாம். காய்ச்சல்ல கிடந்தப்போ தண்ணி கொடுத்தவனுக்கு ஒருத்தன் கொடுத்திருக்கலாம். செத்துக் கிடந்தவன் கையிலேர்ந்து யாரோ உருவியிருக்கலாம். சீட்டாட்டத்துல ஜெயிச்சிருக்கலாம். காட்டிக் கொடுத்தும் வாங்கியிருக்கலாம். அஞ்சு ஆச்சு. இந்த அஞ்சுல எதை மரம் வெட்டினவருக்கு எழுதுவீங்க, எதைக் கிராணிக்கு எழுதுவீங்க?"

"அது..."

"எதைப் பார்த்து எழுதுவீங்கன்னுதான் கேட்கிறேன், சார்."

அவர் மேசையின் ஓரத்தைப் பார்த்தார். முதலைத்தோல் வாரும் சைக்கிள் டியூப் வாரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

பேனாவைத் திறந்து இரண்டு சீட்டிலும் எழுதினார்: 'தெரியவில்லை.' வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லை எழுதியதாலோ என்னவோ, எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் இருக்கு. நீங்க வருவீங்கதானே, டீச்சர்?"

"எழுதினது நானா?"

தோட்டத்து மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். இன்பவல்லி கடைசி வரிசையில், போகிறவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியம் எழுந்து நின்றார்.

"போன வாரம் நான் கொடுத்த ரெண்டு சீட்டும் தப்பு. கடிகாரத்தைப் பார்க்காம, கொண்டுவந்தவங்களைப் பார்த்து எழுதிட்டேன். இன்பவல்லிம்மா, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

புதிய சீட்டுகளை மேசையில் வைத்தார். தனசீலன் முதலில் தம்முடையதை எடுத்தார். விலையைப் பார்த்து ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார். பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

"என்ன சார் இது? எனக்கும் 'தெரியவில்லை'யா?"

"தெரியலைங்க."

"எங்க வீட்டுல தெரியும்லா!"

"கொடுத்தப்போ உங்க வீட்டு ஆள் யாராவது பக்கத்துல நின்னு பார்த்தாங்களா?"

"தாத்தாவே சொன்னார், சார்."

"உங்க தாத்தா சொன்னார். சடையன் சொல்லலை. கடிகாரம் ரெண்டு பேரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தனசீலன் அந்தப் பக்கம் முறைத்தார். "சரி, விடுங்க. தெரியாத ஆளோட பேரை எப்படிக் கல்லுல வெட்டறது?"

ஆரோக்கியம் குழுச் செயலாளரைப் பார்த்தார். "விதியை ஒரு தடவை வாசிங்கம்மா."

செயலாளர் வாசித்தாள். 'சயாமிலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றைக் காட்டினால் போதுமானது.' அவ்வளவுதான். எப்படிக் கொண்டுவந்தார், யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று விதியில் ஓர் எழுத்தும் இல்லை. எழுதியவரே தனசீலன்தான்.

"ரெண்டும் ஒரே கடிகாரம்" என்றார் ஆரோக்கியம். "ஒரே தொழிற்சாலை, ஒரே நட்சத்திரம். இது சாட்சின்னா ரெண்டும் சாட்சி. இல்லைன்னா ரெண்டும் இல்லை. பட்டியல்ல உங்க தாத்தா பேருதான் முதல்ல இருக்கு. எப்படி வெச்சுக்கலாம்னு தலைவரே சொல்லுங்க."

தனசீலன் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். இருபது பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் செயலாளர் பக்கம் திரும்பாமலே கையை அசைத்தார். எழுதிக்கொள் என்பதுபோல.

செயலாளர் பட்டியலை இழுத்துக்கொண்டாள். "அக்கா, உங்க தாத்தாவோட அப்பா பேரு?"

இன்பவல்லி எழுந்து நின்றாள். "வேலாண்டி" என்றாள். குரல் மண்டபத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. "சடையன், வேலாண்டி மகன்."

செயலாளர் எழுதினாள். எழுதியதைத் திருப்பிக் காட்டினாள். இன்பவல்லி கிட்டே வந்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகு ஆரோக்கியத்திடம் வந்தாள்.

"அவர் நல்லவர்னு நீங்க எழுதலையே, சார்."

"தெரியாதேம்மா. அதனாலதான் எழுதலை."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன். எங்க வீட்டுல வந்து எல்லாரும் தெரியும் தெரியும்னுதான் சொல்லியிருக்காங்க. தெரியலைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்." மைலோ டின்னை அவள் திறந்து, கடிகாரத்தை எடுத்து, சைக்கிள் டியூப் வாரைத் தன் மணிக்கட்டில் பூட்டிக்கொண்டாள். வார் தளர்வாக இருந்தது. முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தாள்.

ஆரோக்கியம் வெளியே வரும்போது தனசீலன் அவரை மறித்தார்.

"நீங்க படிச்சவர்னு நம்பினேன், சார். கிராணி வீட்டையும் மரம் வெட்டறவன் வீட்டையும் ஒரே வரிசையில நிறுத்திட்டீங்களே. இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஆரோக்கியம் வண்டிச் சாவியை எடுத்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே தைப்பிங்குக்கு வண்டியை விட்டார். மாடியில் ரூபவதி ஒரு கடிகாரத்தின் முதுகைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னார். பெயர் ஏறிவிட்டதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். தனசீலன் கேட்டதையும் சொன்னார்.

"அந்த ஒரு கேள்விக்குத்தான் வாயடைச்சுப் போய் நின்னுட்டேன், டீச்சர். ரெண்டு பேரையும் ஒரே வரிசையில நிறுத்தினது நல்லா இருக்கான்னு கேட்டார். நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ரூபவதி பூதக்கண்ணாடியை மறுபடியும் கண்ணில் செருகிக்கொண்டாள்.

"மாடு ஏத்துற சரக்கு வண்டியிலதானே சயாமுக்கு ஏத்தினாங்க. அதுல கிராணிக்குன்னு தனிப் பெட்டி இருந்துச்சான்னு கேட்டுட்டு வாங்க, சார்."